ஆயிரம் கிலோவில் நானூறு கிலோ எங்கே போச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



மரமாவு மில்லை எப்படி நடத்துறீங்கன்னு பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. நான் படிச்சது எட்டாம் வகுப்பு. எனக்கு மேடைப் பேச்சு வராது. எங்கள் மில்லில் நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன். அதுல எங்க மேல தப்பு இருக்கிற இடத்தையும் மறைக்காம சொல்றேன்.

எங்கள் ஊர் கடலூர் பக்கம். சுத்திலும் சவுக்குத் தோப்பு. மரம் அறுக்கிற மில்லுல தூள் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். ஊதுபத்திக்கும் கொசுவர்த்திச் சுருளுக்கும் மரத்தை மாவா அரைச்சுத்தான் போடுறாங்க. அந்த மாவுக்கு நல்ல கிராக்கி இருக்குன்னு கேள்விப்பட்டு, பன்னிரண்டு பேர் சேர்ந்த எங்கள் குழு வங்கிக் கடன் வாங்கி, பத்து எச்.பி. மோட்டாரோட ஒரு பல்வரைசர் போட்டோம். உள்ளே இரும்புச் சுத்தியல்கள் சுத்தும். போடுற தூளை அடிச்சு நொறுக்கும். நொறுங்கினது அடியில இருக்கிற சல்லடை வழியா வெளியே வந்து, குழாய் வழியா மேலே போய், ஒரு கூம்புத் தொட்டியில சுத்தி, துணிப்பையில விழும். வாங்குறவங்க கேட்டது நூறு மெஷ் மாவு. அதாவது ஒரு அங்குலத்துக்கு நூறு ஓட்டை இருக்கிற சல்லடையில சலிஞ்சு விழணும். ஓட்டை ஒண்ணொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல ஏழுல ஒரு பங்குதான் இருக்கும். முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி கையில வழுக்கணும்.

முதல் நாள் பூஜை போட்டு, தேங்காய் உடைச்சு, அறுப்பு மில்லுல இருந்து அப்பதான் வந்த தூளை அப்படியே கொட்டினோம். அரை மணி நேரத்துல மோட்டார் முக்க ஆரம்பிச்சுது. ஆம்பியர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுது. பெல்ட் வழுக்கி ரப்பர் கருகுற நாத்தம். நிறுத்தித் திறந்து பார்த்தா சல்லடை முழுக்க அப்பளம் ஒட்டின மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கு. பையில விழுந்த கொஞ்சமும் மாவா இல்லை, பஞ்சும் நாரும் கலந்த மாதிரி இருந்தது. துணிப்பை உள்பக்கம் நனைஞ்சு சேறா ஒட்டிக் கிடந்தது. மெஷினை ஏமாத்தி வித்துட்டாங்கன்னு நாங்க கத்தினோம். மெக்கானிக் வந்து ஒரு பிடி தூளை எடுத்து அழுத்தினார். கொழுக்கட்டை மாதிரி பிடிச்சுது. "ஈரத் துணியை உரல்ல போட்டு இடிச்சா மாவாகுமாம்மா?" அவ்வளவுதான் கேட்டார். கிளம்பிப் போயிட்டார்.

அவர் சொன்னது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். மிளகாய் நமத்துப் போயிருந்தா மில்லுக்காரர் தொட்டுப் பார்த்தே திருப்பி அனுப்புவாரே, அதே கதை. மரத்துல அது எப்படி நடக்குதுன்னு பிறகு ஒரு பயிற்சியில சொன்னாங்க. மரம்னா மெல்லிய குழாய்களைக் கட்டு கட்டா சேர்த்து வச்ச மாதிரி. பச்சை மரத்துல தண்ணி ரெண்டு இடத்துல இருக்கும்: குழாயோட பொந்துல ஒண்ணு, குழாயோட சுவருக்குள்ளே ஊறி ஒண்ணு. வெயில்ல போட்டா முதல்ல பொந்துத் தண்ணிதான் போகும். கைக்குக் காய்ஞ்ச மாதிரித் தெரியும். ஆனா சுவர் இன்னும் ஊறித்தான் இருக்கும். மரத்தோட காய்ஞ்ச எடையில கிட்டத்தட்ட முப்பது சதவீதம் தண்ணி சுவருக்குள்ளேயே நிக்குமாம். அது இறங்க இறங்கத்தான் மரம் சுருங்கும், இறுகும், அடிச்சா படக்குன்னு உடையும். சுவர் ஊறியிருக்கிற வரைக்கும் சுத்தியல் அடி பட்டா வளைஞ்சு கொடுக்கும், பிரிஞ்சு நாராகும். நார் சல்லடையில நீட்டிக்கிட்டு நிக்கும். அது மேல அடுத்த நார் படியும். வெளியே போக முடியாத தூள் உள்ளேயே திரும்பத் திரும்ப அடிபட்டுச் சூடாகும். அந்தச் சூட்டுல ஈரம் ஆவியாகும். ஆவி குழாயிலயும் பையிலயும் குளிர்ந்து தண்ணியாகி, மாவைச் சேறாக்கும். கரண்டுக்குக் கொடுக்கிற காசுல பாதி, மரத்தை அரைக்கிறதுக்கு இல்லை, தண்ணியைக் கொதிக்க வைக்கிறதுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தது.

அதனால காயவைக்க முடிவு பண்ணினோம். எங்கள் குழுவில் மூத்த ஒரு அக்கா வீட்டுக்கு முன்னால பெரிய சிமெண்ட் களம் இருக்கு. அவங்க பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க. விரல் கனத்துக்கு மேல பரப்பக்கூடாது, மணிக்கு ஒரு தரம் கிளறணும், அடியில வேர்க்கும், சாயந்திரம் பனி விழறதுக்குள்ள அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடணும். கேட்க லேசாத்தான் இருக்கும், செஞ்சா இடுப்பு ஒடியும். ஒரு தடவை அள்ள நேரமில்லாம ஈரத்தூளைக் குவியலா விட்டுட்டோம். மூணாம் நாள் கையை உள்ளே விட்டா சுடுது! ஆவி வருது. நடுவுல கறுத்து, புளிச்ச வாசனை. அந்தக் குவியல் அப்படியே வீண்.

நல்லா காய்ஞ்ச தூளை மெஷின்ல போட்டா சத்தமே வேற மாதிரி இருந்தது. சீரா ஓடுச்சு. மாவு வழுக்கிக்கிட்டு விழுந்தது. வாங்குறவங்களும் பாராட்டினாங்க. இனிமே பிரச்சினை இல்லைன்னு நினைச்சோம். பிரச்சினை கணக்கு நோட்டுல இருந்து வந்தது.

மார்ச் மாசக் கூட்டம். நான்தான் குழுவோட பொருளாளர். நோட்டைத் திறந்து படிச்சேன். வாங்கின தூள் 1,000 கிலோ, எடைமேடைச் சீட்டு இருக்கு, கிலோ நாலு ரூபா. வித்த மாவு 592 கிலோ. படிச்சு முடிச்சதும் அந்த இடமே அமைதியாயிடுச்சு. 408 கிலோவைக் காணோம். அரைக்கும்போது பறக்கிறது கொஞ்சம் இருக்கும், தரையில சிந்துறது கொஞ்சம் இருக்கும். அதுக்காக நானூறு கிலோவா?

தூள் யார்கிட்ட இருந்தது? களத்துல. களம் யாருடையது? அந்த அக்காவுடையது. அவங்க வீட்டுல ரெண்டு மாடு. பக்கத்து ஊர்ல ஒரு கோழிப்பண்ணை, கோழிக்கு அடியில பரப்ப மரத்தூள் விலைக்கு வாங்குறாங்க. யாரும் நேரா கேட்கலை. "இனிமே காயப்போடுற இடத்தை மாத்திப் பார்ப்போமே"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க. "நோட்டுல எழுதித்தானே ஆகணும்"னு இன்னொருத்தங்க. நான் பேசாம இருந்தேன். நான் பேசாம இருந்ததுதான் பெரிய தப்பு. அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை உதறிட்டு, "நான் தூளைத் தின்னுட்டேன்னு எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு வரலை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகள்கிட்ட கொடுத்தனுப்பினாங்க. பதினொரு வருஷமா ஒரு வாரம் கூடச் சேமிப்பு விடாத அக்கா அவங்க.

எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஏப்ரல்ல அடுத்த லோடு குட்டியானை வண்டியில வந்தப்ப, யாருக்கும் சொல்லாம ஒரு கிலோ தூளைத் தராசுல நிறுத்து, என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், பெரிய முறத்துல பரப்பி மொட்டை மாடியில வச்சேன். காத்துல பறக்காம மேலே வலைத்துணி போட்டேன். என் வீட்டுல கோழியும் கிடையாது, மாடும் கிடையாது. முதல் நாள் சாயந்திரம் நிறுத்தேன்: 780 கிராம். ரெண்டாம் நாள் 660. மூணாம் நாள் 620. நாலாம் நாள் சாயந்திரம் 611. ராத்திரி முறத்தை வெளியிலயே விட்டுட்டேன், விடியக்காலையில நிறுத்தா 618, ஏறியிருக்கு! மறுபடி வெயில் ஏற 611. அதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

ஒரு கிலோவுல 389 கிராம் என் மாடியிலயே காணாமப் போச்சு. ஆயிரம் கிலோவுக்கு 389 கிலோ. மீதி 19 கிலோதான் உண்மையிலேயே பறந்தது, சிந்தினது.

அந்த 611 கிராமுல இருந்து 100 கிராமை எடுத்துட்டு மாவு வாங்குற கம்பெனிக்குப் போனேன். அங்க ஒரு சின்ன மின் அடுப்புப் பெட்டி வச்சிருக்காங்க. 105 டிகிரியில வச்சு, எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் காயவைப்பாங்க. 100 கிராம் 90 ஆச்சு. அப்படின்னா நம்ம வெயில்ல காய்ஞ்ச தூளிலயும் பத்து சதவீதம் தண்ணி இருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தா, அறுப்பு மில்லுல இருந்து வந்த ஆயிரம் கிலோவுல மரம் 550 கிலோதான். 450 கிலோ தண்ணி. நாங்க தண்ணிக்குக் கிலோ நாலு ரூபா கொடுத்து வாங்கி, அதைச் சொந்தச் செலவுல வானத்துக்கு அனுப்பியிருக்கோம்.

அதோட இன்னொரு ஓட்டையும் தெரிஞ்சுது. தூள் கிலோ நாலு ரூபான்னு வச்சு மாவுக்கு விலை போட்டிருந்தோம். 4,000 ரூபா கொடுத்து 592 கிலோ கையில வந்தா, மாவுக்கான தூள் விலை கிலோ ஆறே முக்கால் ரூபா. கடன் தவணைக்குப் பணம் ஏன் பத்தலைன்னு மாசாமாசம் மண்டையை உடைச்சுக்கிட்டோமே, அது இதுதான்.

அன்னைக்குச் சாயந்திரமே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். முறத்தையும் தராசையும் நோட்டையும் எடுத்துட்டுப் போனேன். அவங்க உள்ளே கூப்பிடலை, திண்ணையில உட்கார்ந்தேன். எல்லாத்தையும் காட்டினேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. "இதை அன்னைக்கே நிறுத்துப் பார்க்கத் தோணலையா உனக்கு?"ன்னாங்க. எனக்குப் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துல பன்னிரண்டு பேர் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டு, அதைத் தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்தும் போட்டோம். அக்கா ஒரு நிபந்தனை வச்சாங்க: இனிமே வர்ற ஒவ்வொரு லோடுலயும் காயப்போடுறதுக்கு முன்னாடி ஒரு கிலோ எடுத்து எல்லார் முன்னாடியும் நிறுத்துக் காயவச்சுப் பார்க்கணும். நோட்டுல "ஈரம்"னு ஒரு கட்டம் போடணும். இன்னைக்கும் அந்தக் கட்டம் இருக்கு. மழைக்குப் பிறகு அறுத்த தூள்னா அறுப்பு மில்லுல விலையைக் குறைச்சுக் கேட்கவும் அந்தக் கட்டம்தான் உதவுது.

கதை இங்க முடியலை. அந்த வருஷம் ஐப்பசி அடைமழை. நல்லா காய்ஞ்ச மாவை 25 கிலோ மூட்டையா கட்டி, இருபது மூட்டை அடுக்கி வச்சிருந்தோம். ரோடு வெள்ளத்துல போனதால அஞ்சு வாரம் லாரி வரலை. அனுப்புறதுக்கு முன்னாடி நிறுத்தா மூட்டைக்கு 26 கிலோ 800 கிராம்! எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்னு உண்மையைச் சொல்லிடறேன். லோடு போன மூணாம் நாள் அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. கட்டி கட்டியா இருக்கு, ஈரம் பதினாறு சதவீதம், பன்னிரண்டுக்கு மேல எடுக்க மாட்டோம், எடைக்காகத் தண்ணி தெளிச்சீங்களான்னு போன்ல கேட்டாங்க.

நாங்க தண்ணி தெளிக்கலை. காத்துதான் தெளிச்சுது. மரத்தை எத்தனை முறை காயவச்சாலும் சுத்தி இருக்கிற காத்துல ஈரம் எவ்வளவோ அதுக்குத் தக்கபடி திரும்பக் குடிக்கும். வறண்ட வெயில் காலத்துல எட்டு, பத்துல நிக்கிற மரம், விடாம மழை பெய்யுற காலத்துல பதினாறு, இருபது வரைக்கும் ஏறும். மாவா அரைச்சது இன்னும் வேகமாக் குடிக்கும், ஏன்னா ஒவ்வொரு துகளும் காத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு. பின்னல் பிளாஸ்டிக் சாக்கு ஈரத்தைத் தடுக்காது. திரும்பி வந்த மூட்டைகளை இறக்கும்போது அந்த அக்கா என்னைப் பார்த்து, "செய்யாததுக்குப் பேர் வாங்கினா எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க.

இப்ப சாக்குக்குள்ள கெட்டியான பாலிதீன் பை போட்டு, வாயை முறுக்கிக் கட்டுறோம். தரையில வைக்காம மரப்பலகை மேல அடுக்குறோம். இன்னொண்ணு, மெஷின்ல இருந்து மாவு சூடா வரும். அந்தச் சூட்டோட கட்டினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஆறினதுக்கு அப்புறம்தான் கட்டணும், அதுக்காக ராத்திரி முழுக்கத் திறந்தும் போடக்கூடாது.

சதவீதக் கணக்குல ஒரு சூட்சுமம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 100 கிராம் மாவு காய்ஞ்சு 88 ஆனா, போன தண்ணி 12 கிராம். மாவு வாங்குறவங்க 12-ஐ 100-ஆல வகுத்து, ஈரம் 12 சதவீதம்பாங்க. மரச்சாமான் தொழில்ல இருக்கிறவங்க அதே 12-ஐக் காய்ஞ்ச எடை 88-ஆல வகுத்து, பதிமூணரைக்கு மேலன்னு சொல்வாங்க. ரெண்டும் சரிதான், ரெண்டும் ஒரே மாவுதான். ஒரு புது வியாபாரிகிட்ட இது தெரியாம ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கேன். விலை பேசும்போதே எதால வகுப்பீங்கன்னு கேட்டுக்கோங்க. கட்டைக்குள்ள ஊசி குத்திப் பார்க்கிற மீட்டரை வாங்கி ஏமாறாதீங்க. அது கட்டைக்குச் சரி, உதிரி மாவுக்குச் சரியான கணக்கு காட்டாது. தராசும் பொறுமையும் போதும். மின் அடுப்பு இல்லைன்னா மணல்சட்டி மேல தட்டு வச்சு, சின்னத் தீயில, எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் காயவைக்கலாம். நிறம் மாறினாலோ கருகின வாசனை வந்தாலோ அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுடுங்க, அங்க போனது தண்ணி இல்லை, மரம்.

அப்படின்னா எலும்பா காயவச்சு அரைச்சா இன்னும் நல்லதுதானேன்னு எங்க குழுவிலயே ஒரு தங்கச்சி கேட்டா. சித்திரை வெயில்ல கறுப்புத் தார்ப்பாய்ல போட்டு ஆறு சதவீதத்துக்குக் கொண்டு வந்தோம். மாவு பூ மாதிரி வந்தது. ஆனா ஆயிரம் கிலோவுக்கு 611 வர்ற இடத்துல 585 கிலோதான் வந்தது. பன்னிரண்டு வரைக்கும் எடுத்துக்கிறேன்னு சொல்றவங்களுக்கு ஆறுல கொடுத்தா நஷ்டம் நமக்குத்தான். அதைவிடப் பெரிய விஷயம், கொட்டகை முழுக்க மாவு புகை மாதிரி நின்னுது.

பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி அப்பதான் எங்களை உலுக்கி எடுத்தார். இங்கிலாந்துல செஷயர் பகுதியில போஸ்லின்னு ஒரு கிராமம். அங்க நம்ம மாதிரியே மரத்தை மாவா அரைக்கிற மில். 2015 ஜூலை 17-ஆம் தேதி காலையில வெடிச்சுது. வேலைக்கு வந்த நாலு பேர் செத்துப் போயிட்டாங்க, அதுல ஒருத்தர் பெண். வெடிமருந்து எதுவும் இல்லை. விறகை ஒரு கட்டையா வச்சா மெதுவா எரியும். அதையே மாவாக்கிக் காத்துல தூவினா, ஒரு பொறி பட்டா எல்லாத் துகளும் ஒரே நொடியில எரியும். மாவு எவ்வளவு காய்ஞ்சிருக்கோ அவ்வளவு சின்னப் பொறியே போதும். தூளோட வர்ற ஒரு ஆணி சுத்தியல்ல பட்டா பொறி வரும். பேரிங் காய்ஞ்சு சூடானா போதும். முதல்ல சின்னதா வெடிச்சு, அந்த அதிர்ச்சியில உத்திரத்துலயும் சுவத்துலயும் படிஞ்சிருக்கிற மாவு உதிர்ந்து, ரெண்டாவதா வெடிக்கிறதுதான் கட்டடத்தையே சாய்க்குமாம்.

அன்னைக்கு எங்க கொட்டகை உத்திரத்தை அண்ணாந்து பார்த்தேன். ரெண்டு விரல் கனத்துக்கு மாவு. அதுக்கு நேர் கீழே ஒரு தங்கச்சி சாமிப் படத்துக்கு விளக்கு ஏத்தி வச்சிருந்தா.

சாமிப் படம் இப்ப வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துடுச்சு. தூள் கொட்டுற வாயில காந்தம் வச்சிருக்கோம், ஒவ்வொரு லோடுலயும் ஆணி, கம்பின்னு ஒரு பிடி எடுக்கிறோம். தினம் சாயந்திரம் மெஷினை நிறுத்தின பிறகு உத்திரம் வரைக்கும் ஈரத்துணியால துடைக்கிறோம். விளக்குமாத்தால பெருக்கினா மாவு கிளம்பும். ஈரம் எட்டுக்குக் கீழே போனா அரைக்கிறது இல்லை, பத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிறோம். மூக்குல முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் மூக்குக்குள்ள புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லயே சொல்லியிருக்காம். சேலைத் தலைப்பைக் கட்டிக்கிட்டா போதாதான்னு கேட்காதீங்க, போதாது. வேர்க்குதுன்னு கழட்டி வைக்கிறவங்களுக்கு அக்கா அஞ்சு ரூபா அபராதம் போடுறாங்க, அது சேமிப்புல சேருது.

இங்க மிளகாய்த்தூள் அரைக்கிற குழு இருக்கு, சீயக்காய், மஞ்சள் அரைக்கிற குழு இருக்கு. உங்க நோட்டுலயும் வாங்கின எடைக்கும் வித்த எடைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். அதைப் பத்தி உங்க குழுவுல யாரையாவது ஜாடையாப் பேசிக்கிட்டு இருந்தீங்கன்னா, அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி எங்க மில்லுக்கு வாங்க. செவ்வாய், வெள்ளி சாயந்திரம் மெஷின் ஓடாது, பேசலாம். வரும்போது உங்க சரக்குல ஒரு கிலோவை, காயப்போடுறதுக்கு முன்னாடி, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி எடுத்துட்டு வாங்க. தராசு அந்த அக்காகிட்டதான் இருக்கு.